வன்னிக் காட்டின் மரஞ்செடிகளைச் சோடியாக வைத்து அறியும் முறை

இலங்கையின் வடக்கிலுள்ள வன்னிக் காட்டில் ஒரு மரத்தின் பெயரை அறிய விரும்புபவர் பெரும்பாலும் முதலில் பூவைத் தேடுகிறார். பூ ஆண்டில் சில வாரங்களே இருக்கும். அதுவும் பாலை, வீரை போன்ற உயர்ந்த மரங்களில் கைக்கெட்டாத உயரத்தில், கண்ணுக்கு எளிதில் படாத சிறு பூவாக இருக்கும். ஆண்டு முழுவதும் நம் கைக்குக் கிடைப்பவை இலை, பட்டை, பால், மணம், உதிர்ந்து கிடக்கும் காய் ஆகியவைதான். இவற்றைக் கொண்டு இனங்காண்பதற்கு நான் நம்பும் வழி, ஒவ்வொரு தாவரத்தையும் அதனோடு மயங்கக்கூடிய இன்னொன்றுடன் சோடியாக வைத்துப் படிப்பதும், ஒன்றையொன்று சாராத மூன்று அடையாளங்களாவது ஒத்துவந்த பின்னரே பெயரை எழுதுவதும் ஆகும். ஒரே அடையாளத்தை நம்பிப் பெயர் வைப்பதுதான் பெரும்பாலான தவறுகளுக்கும், சில வேளைகளில் உயிராபத்துக்கும் காரணமாகிறது.

தொடங்குவதற்கு ஏற்ற காலம், ஐப்பசி முதல் பெய்யும் மாரி மழை ஓய்ந்து நிலம் சற்று இறுகும் தை, மாசி மாதங்கள். அப்போது பூண்டுகளும் கொடிகளும் முழு இலையோடு நிற்கும், பாசிகளும் உயிர்ப்போடு இருக்கும். மரங்களின் கனிகளைப் பார்க்க விரும்புபவர் வைகாசி முதல் ஆடி வரை மறுபடியும் அதே இடத்துக்குச் செல்ல வேண்டும். பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று, அளவுகோல், பென்சில், கோடில்லாத குறிப்பேடு, பழைய செய்தித்தாள் ஆகியவை போதும். யானையும் கரடியும் நடமாடும் காட்டுக்குள் தனியே செல்லக் கூடாது. பாலைப்பழக் காலத்தில் கரடி அந்த மரங்களைத் தேடி வரும் என்பதால் அதிகாலையிலும் அந்தி வேளையிலும் அங்கு நிற்பதைத் தவிர்க்க வேண்டும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் இடத்திலும், அகற்றும் பணி முடிந்ததாக ஊரவர் உறுதி சொல்லாத இடத்திலும் எவ்வளவு அரிய செடி தென்பட்டாலும் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. தெருவோரமும் குளக்கட்டும் வயல் வரம்பும் ஒருவர் பல ஆண்டுகள் படிப்பதற்குப் போதுமான தாவரங்களைக் கொண்டுள்ளன.

இலையைப் பார்ப்பதற்கு முன் எது இலை என்று தீர்மானிக்க வேண்டும். வேம்பின் ஒரு காம்பில் இருபுறமும் அடுக்கியுள்ள சிறு இலைகள் ஒவ்வொன்றும் தனியிலை என்றே புதியவருக்குத் தோன்றும். அவை யாவும் சேர்ந்ததே ஓர் இலை. இதனை அறிய, காம்பு கிளையோடு சேரும் கக்கத்தைக் கைவில்லையால் பார்க்க வேண்டும். அங்கே சிறு அரும்பு இருந்தால் அதற்கு மேலே உள்ளது முழுவதும் ஓர் இலை. அரும்பு இல்லாத இடத்தில் பிரிவது கூட்டிலையின் சீறிலை. அடுத்து, இலைகள் கிளையில் நேரெதிராக இரண்டிரண்டாக நிற்கின்றனவா, ஒன்றுவிட்டு ஒன்றாக மாறி மாறி நிற்கின்றனவா, நுனியில் கொத்தாகச் சேர்ந்துள்ளனவா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இந்த இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் காட்டிலுள்ள மரங்களில் பெரும்பகுதியை ஒதுக்கிவிடலாம்.

முதற் சோடியாகப் பாலையையும் வீரையையும் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வன்னியின் உலர்ந்த பசுமைமாறாக் காட்டின் மேற்கவிகையை அமைப்பவை இவ்விரண்டும்தான். இரண்டுக்கும் தடித்த, கரும்பச்சையான தனியிலைகள் உண்டு. இரண்டின் கனியும் உண்ணத்தக்கது. பாலையின் இலைகள் கிளை நுனிகளில் கொத்தாகச் சேர்ந்திருக்கும்; ஒவ்வோர் இலையும் நுனிப்பக்கம் அகன்று, உச்சியில் சிறிது உள்வாங்கிய வெட்டுடன் முடியும். இலைக்காம்பைக் கிள்ளினால் வெண்பால் கசியும். முதிர்ந்த மரத்தின் பட்டை கருமையாக, ஆழமான வெடிப்புகளால் சிறு கட்டங்களாகப் பிளவுபட்டிருக்கும். வீரையில் பால் வராது. அதன் இலைகள் கிளை நெடுகிலும் மாறி மாறி நிற்கும். அடிப்பகுதி இருபுறமும் சமமாக இராது. அடிமரத்தைப் பார்த்தாலே பலர் சொல்லிவிடுவர்: நேராக உயராமல் முறுகி, நீளவாட்டில் பள்ளமும் புடைப்புமாக, இடையிடையே பொந்துகளோடு நிற்பது வீரை. பாலையின் பழம் மஞ்சளாகவும், உண்டபின் உதட்டில் பிசின் ஒட்டுவதாகவும் இருக்கும். வீரையின் பழம் சிவப்பு. வீரையில் ஆண் மரமும் பெண் மரமும் வேறு வேறு என்பதால் பழக்காலத்தில் கனியே இல்லாத மரத்தைக் கண்டு அது வீரை இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் அச்சான நூல்களில் பாலை என்ற பெயரில் வேறு மரங்களும் இடம்பெறுவதால், குறிப்பேட்டில் மனில்காரா ஹெக்சாண்ட்ரா என்ற அறிவியற் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது.

முதிரையின் இளங்கன்றைப் புளியங்கன்றோடு மயங்குவது இயல்பு, ஏனெனில் இரண்டிலும் நுனியில் ஒற்றைச் சீறிலை இல்லாத கூட்டிலையில் பத்துக்கு மேற்பட்ட சோடிச் சிறு சீறிலைகள் இருக்கும். ஒரு சீறிலையைச் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஐயம் தீரும். முதிரையில் ஒளி ஊடுருவும் நுண்புள்ளிகள் நிறைந்திருக்கும். அவை நறுமண எண்ணெய்ச் சுரப்பிகள், எலுமிச்சை, விளா, வில்வம், கறிவேப்பிலை ஆகியவை சேர்ந்த குடும்பத்தின் பொது அடையாளம். கசக்கினால் காரமான மணம் எழும். புளியில் புள்ளியும் இல்லை, அந்த மணமும் இல்லை. வளர்ந்த முதிரையில் மஞ்சள் சாயல் கொண்ட தக்கைப் பட்டையும், மூன்றாகப் பிளந்து சிறகுள்ள விதைகளை வெளியிடும் காயும் காணப்படும்.

சில மரங்களுக்கு உதிர்ந்த காய் ஒன்றே நல்ல தொடக்கம். கனகராயன் ஆற்றங்கரையிலும் பாலியாற்றங்கரையிலும் வெளிறிய வழவழப்பான, செதில்களாக உரியும் பட்டையோடு நிற்கும் மருதின் காயில் ஐந்து விறைத்த சிறகுகள் உண்டு. தணக்கின் காய் இரண்டு நீண்ட சிறகுகளோடு சுழன்று விழும். சவண்டலையின் சிறு காயைச் சுற்றிப் பல சிறகுகள் விரிந்திருக்கும். அதன் இலை இதய வடிவில், அடியிலிருந்தே பல நரம்புகள் கிளம்புவதாக இருக்கும். கருங்காலியின் கனியில் புல்லிவட்டம் உதிராமல், கத்தரிக்காயின் தொப்பியைப் போல ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் பன்னிச்சையும் அதே பேரினத்தை (நெருங்கிய பல இனங்கள் அடங்கிய பிரிவை)ச் சேர்ந்ததாகையால் இந்தத் தொப்பி பேரினத்தை மட்டுமே காட்டும். கருங்காலி என்று எழுதுவதற்குக் கரிய பட்டையையும் இலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் சோடி எட்டியும் தேற்றாவும் ஆகும். தேற்றாவின் விதை கலங்கிய நீரைத் தெளிய வைப்பது. எட்டியின் விதையில் ஸ்ட்ரிக்னின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. இரண்டும் ஸ்ட்ரிக்னோஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. எனவே இரண்டிலும் இலைகள் நேரெதிராக நிற்கும், இரண்டிலும் இலையின் அடியிலிருந்து மூன்று முதல் ஐந்து தெளிவான நரம்புகள் நுனியை நோக்கி ஓடும். இலை நரம்பை மட்டும் பார்த்துத் தேற்றா என்று முடிவு செய்பவர் நஞ்சை வீட்டுக்குக் கொண்டுவரக்கூடும். முதலில் இலைக்காம்பைப் பார்க்கவும்: தேற்றாவில் காம்பு ஏறக்குறைய இல்லை எனலாம்; எட்டியில் அது ஒரு சென்ரிமீற்றர் அளவுக்குத் தெளிவாகத் தெரியும். பின்னர் பட்டை: எட்டியில் மெல்லியதாகவும் சாம்பல் நிறமாகவும் ஓரளவு வழவழப்பாகவும், தேற்றாவில் கருமையாகவும் தடித்தும் ஆழமாக வெடித்தும் இருக்கும். கனியில் வேறுபாடு மிகப் பெரிது. எட்டியின் கனி ஐந்து சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் குறுக்களவு கொண்ட, கடின ஓடுள்ள செம்மஞ்சள் உருண்டை. உள்ளே தட்டையான, வட்டமான, பட்டுப்போன்ற நுண்மயிர் படர்ந்த விதைகள் பல இருக்கும். தேற்றாவின் கனி இரண்டு சென்ரிமீற்றரைத் தாண்டாது, பழுத்தால் கறுக்கும், பெரும்பாலும் உருண்டையான ஒரே விதையைக் கொண்டிருக்கும். அந்த விதையை மண்பானையின் உட்புறத்தில் உரைத்து நீரை ஊற்றினால், அதிலுள்ள புரதம் முதலிய பொருள்கள் நீரில் மிதக்கும் நுண்மண்ணை ஒன்றுதிரட்டி அடியில் படியச் செய்யும். நீர் தெளிந்தால் கிருமி நீங்கிவிட்டது என்று பொருளில்லை. கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். இலை, பட்டை, கனி மூன்றையும் அதே மரத்தில் பார்க்காமல் எவரும் தேற்றாங்கொட்டை என்று எதையும் பானையில் உரைக்கக் கூடாது. சுவைத்துப் பார்த்து அறியலாம் என்ற எண்ணத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும்.

கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கும் இவ்வாறே ஏமாற்றும். வற்றாளைக் கிழங்கு என்று நினைத்து அதை அவித்து உண்டு இறந்தவர்கள் இலங்கையின் மருத்துவப் பதிவுகளில் உள்ளனர். அதிலுள்ள கொல்சிசின் வேகவைத்தாலும் அழியாது. பூ இல்லாத காலத்தில் அதனை இலை நுனி காட்டிக்கொடுக்கும்: ஒவ்வோர் இலையும் நீண்டு ஒடுங்கிச் சுருண்ட பற்றுக்கம்பியாக முடிந்து பக்கத்துச் செடியைப் பற்றியிருக்கும், நரம்புகள் நீளவாட்டில் இணையாக ஓடும். வற்றாளையின் இலையும் காட்டு வள்ளியின் இலையும் இப்படிச் சுருள்வதில்லை. கொடி காய்ந்துபோய் கிழங்கு மட்டும் மண்ணில் கிடைத்தால் அதை உணவாகக் கருதவே வேண்டாம். சதுரத் தண்டைக் கண்டவுடன் பிரண்டை என்று ஒடிப்பதும் தவறு. சதுரக்கள்ளிக்கும் விளிம்புள்ள தண்டுதான். பிரண்டை பற்றுக்கம்பிகளால் ஏறும், முள்ளில்லை, ஒடித்தால் நீர்ச்சாறு வரும். கள்ளி நிமிர்ந்து முள்ளோடு நிற்கும், அதன் பால் கண்ணில் பட்டால் கடும் பாதிப்பை உண்டாக்கும். குன்றிமணி கொடியில் காய்ப்பது, கருங்கண் உடையது, மென்றால் உயிருக்கே கேடானது. முழுச்சிவப்பான மஞ்சாடி பெரிய மரத்தில் காய்ப்பது.

வவுனியாவைச் சேர்ந்தவர்கள் பார்த்தீனியத்தை அவசியம் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் இலங்கையில் இக்களை முதன்முதலில் 1999ஆம் ஆண்டு வவுனியாவிலேயே இனங்காணப்பட்டது. இளஞ்செடி கரட் இலையை நினைவூட்டும் ஆழமாகப் பிளவுபட்ட இலைகளை நிலத்தோடு ஒட்டி வட்டமாக விரிக்கும்; பின்னர் நீளவாட்டில் கோடுகள் ஓடும் தண்டு எழுந்து, ஐந்து மூலைகள் தெரியும் மிகச் சிறிய வெண்பூத் தலைகளைத் தாங்கும். அதைத் தொடுவோருக்குத் தோல் அழற்சியும் மூச்சுத் தொல்லையும் ஏற்படக்கூடும் என்பதால் வெறுங்கையால் மாதிரி எடுக்கக் கூடாது. புகைப்படம் எடுத்து விவசாய அலுவலரிடம் காட்டினால் போதும்.

குளங்களைப் பொறுத்தவரை ஒன்றை மட்டும் சொல்கிறேன். தாமரை இலையின் காம்பு நடுவில் சேரும், விளிம்பில் வெட்டு இல்லை, முதிர்ந்த இலை நீருக்கு மேலே உயர்ந்து நிற்கும். அல்லியின் இலை நீரில் மிதக்கும், ஒரு புறம் காம்பு வரை பிளந்திருக்கும்.

பாசிகளைப் பற்றி எழுதுபவர் வன்னியில் குறைவு. வறண்ட நிலத்தில் பாசிக்கு என்ன வேலை என்று எண்ணிவிடுகிறார்கள் போலும். மாரிக்குப் பின் கலிங்குச் சுவர்களிலும், பழைய கிணற்றுக் கட்டுகளிலும், மரங்களின் அடிப்பகுதியிலும் அவை அடர்த்தியாக வளர்ந்திருக்கும். மரப்பட்டையில் சாம்பல், வெளிர்பச்சை, மஞ்சள் நிறங்களில் திட்டுத் திட்டாகப் படிந்திருப்பவை பெரும்பாலும் இலைக்கன்கள்; அவை பூஞ்சணமும் அல்காவும் (ஈரத்தில் பச்சைப் படலமாக வளரும் எளிய உயிரி) சேர்ந்து வாழும் உயிரிகள், அவற்றில் தண்டும் இலையும் கிடையா. கைவில்லையில் சிறு தண்டும் அதைச் சுற்றி நுண்ணிலைகளும் தெரிந்தால் அது உண்மையான பாசி. சில வாரங்களில் மெல்லிய காம்பின் நுனியில் வித்திகள் நிறைந்த சிறு உறை தோன்றும். வழுக்கும் பச்சைப் படலமாக மட்டும் இருந்தால் அது அல்கா. கோடையில் பாசி சுருண்டு கபில நிறமாகி இறந்ததுபோலத் தோன்றும். சில துளி நீர் விட்டுச் சற்றுக் காத்திருந்தால் பல வகைகள் மீண்டும் விரிந்து பச்சையாவதைக் காணலாம், இலைக்கனில் அத்தகைய இலை விரிவு இல்லை. பாசியின் இனப்பெயரை அறிய நுணுக்குக்காட்டி தேவை. களத்தில் வளரும் இடத்தையும் உறையின் வடிவத்தையும் எழுதி வைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையானது.

பதிவு செய்யும்போது முழு மரம், பட்டை, இலைகள் நிற்கும் ஒழுங்கு தெரியும் கிளை, இலையின் இரு பக்கங்கள், பூ அல்லது காய் ஆகியவற்றை அளவுகோலோடு படமெடுக்க வேண்டும். பாலின் நிறம், மணம், மண், அருகில் வளர்பவை ஆகியவற்றை அங்கேயே எழுத வேண்டும். காய்ந்த மாதிரியில் இவை எஞ்சுவதில்லை. கைப்பேசிச் செயலி தரும் பெயரை ஒரு பரிந்துரையாக மட்டும் கொள்ளலாம். ஊரிலுள்ள பரியாரியாரிடமும் தேனெடுப்பவர்களிடமும் பெயரைக் கேட்பதோடு, எதை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் அடையாளங்கள் பல எந்த நூலிலும் இல்லை. தெருவோரத்திலும் சொந்தக் காணியிலும் எடுத்த சிறு கிளையைச் செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி, தாளை நாள்தோறும் மாற்றினால் ஒரு வாரமளவில் காயும். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் காலையும் மாலையும் மாற்ற வேண்டும். ஒதுக்கக் காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி எதையும் பறிக்கக் கூடாது; 1907, 1937ஆம் ஆண்டுகளின் காடு, வனவிலங்கு தொடர்பான கட்டளைச் சட்டங்கள் அங்கு நடைமுறையில் உள்ளன. பெயர் தீராத மாதிரிகளைப் பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தின் மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்கலாம். அவ்வாறு கேட்கும்போது எடுத்த இடம், திகதி, மரத்தின் உயரம் ஆகிய மூன்றும் மாதிரியோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.