பழைய போக்கோ எஃப்1-ல் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்: கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு செய்முறை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் எந்த வீட்டு இழுப்பறையைத் திறந்தாலும் ஒன்றிரண்டு பழைய போன் கிடக்கும். பாதிக்கு மேல் கெட்டுப்போனவை அல்ல. கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டது, செயலிகள் ஒவ்வொன்றாக ஓட மறுத்தன, புதுசு வாங்கியாயிற்று, அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஒரு போனில் ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு முழு லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். இதற்கு முன் கட்டளை எதுவும் அடித்துப் பழகாதவர்களுக்காகவே எழுதுகிறேன்.

நாம் போடப்போவது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ். 2017-ல் வெளியே தெரியவந்த திறந்த மூலத் திட்டம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகையின் மேல் கட்டியது. ஒரு போன் பத்து வருடம் உழைக்க வேண்டும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட இலக்கு. இன்னும் சோதனை நிலையில்தான் இருக்கிறது. மோடம், வைஃபை சிப்புகளுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள் கம்பெனியுடையதாகவே இருக்கும், அதை யாரும் திறந்து தரவில்லை. அதற்கு மேலே இருக்கும் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) மற்ற எல்லாமும்தான் மாறுகின்றன.

எடுத்துக்காட்டுக்கு சியோமியின் போக்கோ எஃப்1. 2018 ஆகஸ்டில் இந்தியாவில் வந்தது, ஸ்னாப்டிராகன் 845 சிப். ஆண்ட்ராய்டு 10-உடன் கம்பெனி கைவிட்டுவிட்டது. சிப் இன்றைக்கும் தாராளமாக வேலை செய்யும். உங்களிடம் வேறு போன் இருந்தால் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் விக்கியில் (அவர்களின் உதவித் தளம்) அதற்கென்று பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் ஸ்னாப்டிராகன் 625 போட்டதும் வந்தது, மீடியாடெக் போட்டதும் வந்தது. ஒன்றின் கோப்பு மற்றதற்கு ஆகாது. கீழக்கரை, தொண்டி வீடுகளில் வளைகுடாவிலிருந்து வந்த போன்கள் நிறைய உண்டு. அவற்றுக்கு மாடல் எண்ணைக் கட்டாயம் சரிபாருங்கள்.

முதலில் உடம்பு, பிறகுதான் மென்பொருள்

வெளியூர் விளக்கங்கள் நேராகக் கட்டளைக்குப் போய்விடும். நம் கரையில் அது சரிப்படாது. உப்புக்காற்றில் போனில் முதலில் போவது சார்ஜிங் பின். கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது ஒயர் ஒரு நொடி விட்டுப்போனால் வேலை பாதியில் நின்றுவிடும். அதனால் இந்தப் படியில் அவசரமே வேண்டாம்.

போனை அணைத்துவிட்டு டார்ச் அடித்து பின்னுக்குள் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் உப்பு அரித்திருக்கிறது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் மெல்லிய பல்துலக்கியைத் தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கச்சான் காற்றில் மணல் நுழைந்து அடைத்திருந்தால் மரக்குச்சியால் நெம்பி எடுங்கள். ஊசி, ஊக்கு எதுவும் கூடாது, டைப்-சி பின்னின் நடுவில் இருக்கும் நாக்கு உடைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு ஒயரைச் சொருகி லேசாக அசையுங்கள். சார்ஜ் ஆவது விட்டு விட்டு வந்தால் கடையில் பின்னை மாற்றிவிட்டு வாருங்கள்.

அடுத்து பேட்டரி. பின்மூடி தூக்கியிருந்தாலோ டிஸ்ப்ளே ஓரத்தில் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அதை மாற்றாமல் அந்தப் போனைச் சார்ஜில்கூடப் போடாதீர்கள். இதில் சமரசமே இல்லை.

பூட்டைத் திறப்பது

போனில் இருக்கும் படம், தொடர்பு எண், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். போன் எழும்போது முதலில் ஓடும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்ததும் போனில் இருக்கும் தகவல் முழுவதும் அழிந்துபோகும். பணப் பரிமாற்றச் செயலிகளிலிருந்தும் முன்பே வெளியேறிவிடுங்கள்.

சியோமியின் மி கணக்கில் நுழைந்து, டெவலப்பர் அமைப்புகளில் ‘மி அன்லாக் ஸ்டேட்டஸ்’ பகுதியில் அந்தக் கணக்கைப் போனோடு இணைக்க வேண்டும். அதன் பிறகு விண்டோஸ் கணினியில் மி அன்லாக் கருவியை ஓட்டினால் காத்திருக்கச் சொல்லும். பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஒரு வாரம். நடுவில் கணக்கை நீக்கி மறுபடி சேர்க்காதீர்கள், காத்திருப்பு முதலிலிருந்து தொடங்கக்கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது இந்த வேலையைத் தொடங்கினால் அந்த ஒரு வாரம் பாரமாகத் தெரியாது.

திறந்த பிறகு ஒரு முக்கியமான வேலை: டிடபிள்யூஆர்பி (TWRP) என்ற மீட்பு மென்பொருள் வழியாக இஎஃப்எஸ் (EFS), பெர்சிஸ்ட் (persist) என்ற சேமிப்பகப் பகுதிகளைக் காப்பு எடுத்துக் கணினியில் வையுங்கள். ஐஎம்இஐ என்ற போனின் அடையாள எண், சென்சார் அளவுகள் போன்றவை இவற்றைச் சார்ந்தவை. அழிந்தால் வேறு போனிலிருந்து எடுத்துப் போட முடியாது.

கோப்பும் கட்டளையும்

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் தளத்தின் பதிவிறக்கப் பகுதியில் ‘சியோமி பெரிலியம்’ (xiaomi beryllium) என்று தேடுங்கள், போக்கோ எஃப்1-ன் உள்பெயர் அதுதான். இரண்டு வகை இருக்கும்: டியான்மா, இபிபிஜி. இவை இரண்டும் டிஸ்ப்ளே செய்த கம்பெனிகள். உங்கள் போனில் எது என்று வெளியிலிருந்து தெரியாது. ஒன்றைப் போட்டுப் பார்த்து, திரை சரியாக வராவிட்டால் மற்றதைப் போடுங்கள். முகப்புக்கு (திரையில் தெரியும் தோற்றத்துக்கு) ஃபோஷ் (Phosh) என்பதைத் தேர்ந்தெடுங்கள், புதியவர்களுக்கு அது எளிது. பூட் கோப்பு ஒன்று, முழு அமைப்புக் கோப்பு ஒன்று என இரண்டையும் இறக்கி, சுருக்கத்தை விரித்துக்கொள்ளுங்கள்.

போன் அணைந்த நிலையில் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்தினால் முயல் படத்தோடு பாஸ்ட்பூட் திரை வரும், கணினியிலிருந்து கோப்பு ஏற்றுவதற்கான நிலை அது. டேட்டா போகும் ஒயரால் கணினியோடு இணையுங்கள். சார்ஜுக்கு மட்டுமான மலிவு ஒயர் ஆகாது. பாஸ்ட்பூட் கருவி இருக்கும் கணினியில் கீழே உள்ளவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்தில், வரிசையாக அடிக்க வேண்டும்.

‘பாஸ்ட்பூட் டிவைசஸ்’ (fastboot devices) அடித்தால் போனின் எண் வர வேண்டும். வராவிட்டால் யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றுங்கள், அல்லது நடுவில் ஒரு சின்ன யூஎஸ்பி ஹப் போடுங்கள். புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் இது ஒன்றே தீர்வு. பிறகு ‘பாஸ்ட்பூட் இரேஸ் டிடிபிஓ’ (fastboot erase dtbo). அடுத்து ‘பாஸ்ட்பூட் ஃபிளாஷ் பூட்’ (fastboot flash boot) என்று அடித்து, இடைவெளி விட்டு பூட் கோப்பின் பெயர். கடைசியாக ‘பாஸ்ட்பூட் ஃபிளாஷ் யூசர்டேட்டா’ (fastboot flash userdata), அதன் பின் பெரிய கோப்பின் பெயர். இது துண்டு துண்டாகப் போகும், சில நிமிடம் ஆகும். அதுவரை ஒயரைத் தொடாதீர்கள். கரண்ட் போகும் ஊர் என்பதால் மடிக்கணினியில் சார்ஜ் இருக்கட்டும். விக்கியில் உங்கள் போனின் பக்கம் வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள், இந்தக் கோப்புகள் அடிக்கடி மாறுபவை.

‘பாஸ்ட்பூட் ரீபூட்’ (fastboot reboot) கொடுத்தால் போன் எழும். கடவுச்சொல் 147147. உள்ளே போனதும் கட்டளை அடிக்கும் செயலியான டெர்மினலைத் திறந்து ‘பாஸ்வேர்டு’ என்பதன் சுருக்கமான ‘பாஸ்டபிள்யூடி’ (passwd) கட்டளையால் அதை மாற்றிவிடுங்கள், உலகத்துக்கே தெரிந்த எண் அது. வைஃபை இணைத்து, மென்பொருள்களைப் புதுப்பிக்க ‘சூடோ ஏபிகே அப்டேட்’ (sudo apk update), ‘சூடோ ஏபிகே அப்கிரேட்’ (sudo apk upgrade) அடியுங்கள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ தமிழ் எழுத்துருப் பொதியையும் ஏபிகே வழியாகவே சேர்க்கலாம். நம் எழுத்து அந்தத் திரையில் ஒழுங்காக வந்து நிற்பதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த கட்டம்.

இந்தப் போன் கடலுக்கு வேண்டாம்

வைஃபை, உலாவி, பாட்டு, எழுதுவது, கணினிப் பாடம் படிப்பது இவற்றுக்கு இந்தப் போன் போதும். கேமராவை நம்பாதீர்கள். அழைப்பு சில பதிப்புகளில் போகும், சிலவற்றில் சத்தம் வராது. வங்கிச் செயலிகளை மறந்துவிடுங்கள்.

வீட்டில் வைத்து இன்காயிஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் தரும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பார்ப்பதற்கு எடுத்துக்கொள்ளலாம். வல்லத்திலோ விசைப்படகிலோ போகும் அண்ணனின் சட்டைப்பையில் இதைப் போட்டு அனுப்பாதீர்கள். ஆபத்தில் கடலோரக் காவல்படையின் 1554-ஐ அழைக்கும்போது அந்த அழைப்பு போயே தீர வேண்டும். சோதனை நிலையில் இருக்கும் மென்பொருளால் அந்த உறுதியைத் தர முடியாது. கடலுக்குப் போகும் போன் கம்பெனி மென்பொருளோடு தனியாக இருக்கட்டும், படகில் விஎச்எஃப் வானொலிக் கருவியும் இருக்கட்டும். பழகும் போனுக்கு அன்றாட சிம் வேண்டாம். சோதிக்கப் போட்டாலும் டேட்டா ரோமிங்கை அணைத்து வையுங்கள், தனுஷ்கோடிப் பக்கம் இலங்கை டவரையும் போன் பிடிக்கும்.

பிடிக்காமல் பழைய மியுஐ-க்கு (சியோமியின் ஆண்ட்ராய்டு) திரும்ப நினைத்தால் அதன் முழுக் கோப்பான பாஸ்ட்பூட் ரோமை இறக்கிப் போடலாம். போனில் கடைசியாக இருந்த பதிப்பையோ அதற்குப் பிந்தையதையோ மட்டும் எடுங்கள். பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பாதுகாப்பு சியோமி போன்கள் சிலவற்றில் உண்டு, பழையதைப் போட்டால் போன் எழாமலே போகலாம். சியோமியின் மி ஃபிளாஷ் கருவியில் ‘கிளீன் ஆல் அண்ட் லாக்’ என்பதுதான் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். அதை ‘கிளீன் ஆல்’ என்று மாற்றிய பிறகு தொடங்குங்கள். இல்லையென்றால் பூட்டு மறுபடி விழுந்து, இன்னொரு வாரம் காத்திருக்க வேண்டிவரும்.