பெரியவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்க நன்கொடை கொடுப்பது எப்படி

வயதானவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றதும் பலருக்கு முதியோர் இல்லம்தான் நினைவுக்கு வருகிறது. தப்பில்லை. ஆனால் இல்லத்துக்கே போக வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளவும் நம் பணம் உதவும், அதுவும் பெரிய பணமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டை விட்டுப் போக வைப்பது பல நேரம் பெரிய வியாதி அல்ல, குளியலறையில் ஒரே ஒரு வழுக்கல். 65 வயதைத் தாண்டியவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழுகிறார் என்கிறது உலக சுகாதார அமைப்பு. இடுப்பு எலும்பு முறிந்தால் பழைய நடை திரும்ப வராமலே போய்விடலாம்.

அதனால் முதல் வேலை, எதையும் வாங்காமல் போய்ப் பார்ப்பது. நான் உதவிக்குப் போன ஒரு வீட்டில் படுக்கையிலிருந்து கழிவறை வரைக்கும் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு அழுக்குக் கோடு ஓடியது. பாட்டி ராத்திரி சுவரைத் தடவிக்கொண்டே நடந்த கைத்தடம் அது. கைப்பிடி எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் வந்து சொல்லத் தேவையே இல்லை, சுவரே சொல்லிவிட்டது.

கைப்பிடி வைக்கக் கொடுக்கிறீர்கள் என்றால் சுவரில் துளை போட்டு உறுதியாகப் பொருத்தியதாக இருக்கட்டும். டவல் கம்பி ஆள் எடையைத் தாங்காது. உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் ரகத்தையும் நான் நம்ப மாட்டேன், அது எப்போது கழன்று வரும் என்று தெரியாது. தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரம் பொதுவான அளவு, ஆனாலும் அந்த ஆளை நிற்க வைத்துப் பார்த்துவிட்டே துளை போடுங்கள். வாசலில் சாய்தளம் போடுவதானால் ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும், அதாவது ஆறு அங்குலப் படிக்கு ஆறடி. அவசரத்தில் செங்குத்தாகப் போட்டால் படியே தேவலை. சக்கர நாற்காலி வாங்கித் தருபவர்கள் கதவு அகலத்தை அளப்பதே இல்லை! திறந்த கதவில் 32 அங்குலமாவது இடைவெளி இல்லாவிட்டால் நாற்காலி கூடத்தில் துணி போடத்தான் பயன்படும்.

அடுத்து, கேளுங்கள். பிள்ளைகளிடம் அல்ல, பெரியவர்களிடமே. அந்தப் பாட்டிக்கு என்னென்னவோ வாங்கித் தரலாம் என்று நாங்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தோம், அவர் கேட்டது ஒன்றுதான்: "பல்பு போயி மூணு வாரமாச்சு, ஸ்டூல்ல ஏற பயமா இருக்கு, யாராவது மாத்திக் குடுங்கப்பா."

இதிலிருந்து பணம் எங்கே போக வேண்டும் என்பதும் புரியும். வீடு தேடிப் போய் உதவும் அமைப்புகளுக்குப் பொருள் வாங்க நன்கொடை சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பல்பு மாற்ற வருகிற ஆளின் சம்பளத்துக்கும், சாப்பாடு கொண்டுபோகிற வண்டியின் பெட்ரோலுக்கும், அலுவலகத்தில் உட்கார்ந்து யார் எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று போன் போடுபவருக்கும் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நிர்வாகச் செலவு என்று முகம் சுளிக்காதீர்கள். சாப்பாடு கொடுக்கப் போகிறவர்தான் நேற்றைய டப்பா திறக்காமலே கிடப்பதை முதலில் பார்க்கிறார். ஆகவே ஒரே தடவை பெரிய தொகை கொடுப்பதைவிட மாதாமாதம் சின்னத் தொகை, எதற்கு வேண்டுமானாலும் செலவழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுப்பது மேல். முழுநேரமும் பார்த்துக்கொள்ளும் மனைவிக்கோ மகனுக்கோ வாரத்தில் சில மணி நேரம் ஓய்வு கிடைக்க மாற்று ஆள் அனுப்பும் அமைப்பு இருந்தால் அதற்கும் கொடுங்கள். பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால் வீட்டு வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பதிவு, கணக்கு, ரசீது எல்லாம் பார்ப்பீர்கள், சரி. அப்புறம் இதையும் கேளுங்கள்: கைப்பிடி ஆடினால் யார் வந்து சரிசெய்வார்? வழக்கமாக வருகிறவர் லீவு போட்டால் யார் போவார்? வீட்டுச் சாவியும் பணமும் கையாளுகிறவர்களை எப்படி விசாரித்துச் சேர்க்கிறீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். பெரியவரின் சம்மதமில்லாமல் படம் எடுத்துப் போடுகிற இடத்துக்கு நான் கொடுப்பதில்லை.

எல்லோரையும் வீட்டிலேயே வைத்திருக்க முடியாது என்பதும் உண்மை. மறதி முற்றி அடுப்பை அணைக்க மறப்பவரை, வழி தெரியாமல் வெளியே போய்விடுபவரைத் தனியே விடுவது ஆபத்து, அங்கே நல்ல இல்லம்தான் சரி.

பணமில்லை, நேரம்தான் இருக்கிறது என்றால் தாராளமாகப் போகலாம். சொன்ன நாளில் வர முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்துவிடுங்கள், காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள்.