பெண் வக்கீல்களுக்கு பாராட்டு விழா எடுக்கறீங்களா? இதைக் கொஞ்சம் கவனிங்க

வக்கீல் சங்கத்துலயோ சட்டக் கல்லூரியிலயோ பெண் வக்கீல்களைப் பாராட்டி ஒரு நிகழ்ச்சி வைக்கறீங்கன்னா அவங்க செஞ்ச வேலையைப் பத்திப் பேசுங்க. "வீட்டையும் பார்த்துக்கிட்டு கோர்ட்டுக்கும் வர்றாங்க"ன்னு தயவுசெஞ்சு ஆரம்பிக்காதீங்க, ஆம்பளை வக்கீல் யாரையாவது நாம அப்படி பாராட்டியிருக்கோமா?

அதுக்கு முன்கூட்டியே விவரம் சேகரிக்கணும். எந்த கேஸ், என்ன பாயிண்ட் எடுத்து வாதாடினாங்க, தீர்ப்புல என்ன வந்துச்சு, அதனால யாருக்கு என்ன மாறுச்சுன்னு. அவங்களையே கேட்டா கூச்சப்பட்டு பாதிதான் சொல்லுவாங்க, அதனால அவங்க ஜூனியர்ஸ்கிட்ட கேளுங்க, முடிஞ்சா எதிர்த்தரப்புல நின்ன வக்கீல்கிட்டயும் கேளுங்க, அந்த வாதம் எவ்ளோ பலமா இருந்துச்சுன்னு அவருக்குத்தான் நல்லா தெரியும். நடந்துக்கிட்டு இருக்கற கேஸை மேடையில தொடாதீங்க, கட்சிக்காரர் பேரை அனுமதி இல்லாம சொல்லவே கூடாது.

பெரிய கோர்ட்டுல வாதாடறவங்க மட்டும் போதாது. ட்ராஃப்டிங் (மனு, ஒப்பந்தம் எல்லாம் எழுதித் தர்றது), சமரசம், இலவச சட்ட உதவி, பாடம் நடத்தறவங்க எல்லாரும் லிஸ்ட்ல வரணும்.

வரலாறு பத்தி போர்டு வைக்கறதா இருந்தா வெறும் "முதல் பெண்" பட்டியலா போடாம, கதவு எப்படி மூடியிருந்துச்சுன்னும் சேர்த்து எழுதுங்க, அப்பதான் சாதனையோட கனம் புரியும். ரெஜினா குஹா சட்டம் படிச்சு முடிச்சும், பெண்ங்கற காரணத்தால 1916-ல கல்கத்தா ஹைகோர்ட் அவங்களை வக்கீலா பதிவு பண்ண மறுத்துச்சு, 1921-ல பாட்னாவுல சுதான்ஷுபாலா ஹஸ்ராவுக்கும் அதே கதை, 1923-ல தனிச் சட்டம் வந்த பிறகுதான் அந்தத் தடை போச்சு. அமெரிக்காவுல மைரா பிராட்வெல் 1869-லயே வக்கீல் பரீட்சை பாஸ், ஆனா 1873-ல அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டே முடியாதுன்னுடுச்சு, அவங்க மாநிலமான இல்லினாய்ஸ்ல வக்கீல் லைசென்ஸ் கிடைச்சது 1890-ல. நம்ம சுப்ரீம் கோர்ட் 1950-ல தொடங்குச்சு, பாத்திமா பீவி அங்க முதல் பெண் நீதிபதியானது 1989-ல.

கலந்துரையாடல் வைச்சா அவங்க துறை சட்டத்தைப் பத்தியே கேள்வி கேளுங்க, வரி வக்கீலா இருந்தா வரி பத்தி.

விழா முடிஞ்சதும் அந்த லிஸ்டைத் தூக்கி ஓரமா வைக்காதீங்க. அடுத்த கருத்தரங்குக்குப் பேச்சாளர் தேடும்போதும், ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளிய தகராறைத் தீர்த்து வைக்கற நடுவர்) பேரைப் பரிந்துரைக்கும்போதும், கேஸை யார்கிட்ட அனுப்பலாம்னு யோசிக்கும்போதும் முதல்ல அதை எடுத்துப் பாருங்க.