'வரலாற்றில் இன்று' பலகை: தேதி பிசகாமல் எழுத

ஒரு நாளைக்கு நான்கு செய்தி போதும். அக்டோபர் 2 என்றால் காந்தி பிறந்தது (1869), சாஸ்திரி பிறந்தது (1904), காமராசர் மறைந்தது (1975). பிறப்பா மறைவா என்பதை வரிதோறும் எழுதுங்கள். மூன்றையும் 'பிறந்தநாள்' என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடக் கூடாது.

பழைய ஐரோப்பியச் செய்தி என்றால் நாட்டையும் ஆண்டையும் பாருங்கள். ஸ்பெயினில் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் அக்டோபர் 15. அன்றிலிருந்து அங்கே இன்று நாம் பார்க்கும் கிரிகோரியன் நாட்காட்டி. இங்கிலாந்து 1752 வரையிலும் ரஷ்யா 1918 வரையிலும் அதற்கு முந்தைய ஜூலியன் நாட்காட்டியையே வைத்திருந்தன. ஷேக்ஸ்பியரும் ஸ்பெயின் எழுத்தாளர் செர்வான்டிசும் ஒரே நாளில் இறந்தார்கள் என்று பலரும் எழுதுவது இதனால்தான். இருவருக்கும் சொல்லப்படும் தேதி 1616 ஏப்ரல் 23. ஆனால் ஷேக்ஸ்பியருடையது ஜூலியன் தேதி. பத்து நாள் கூட்டினால் மே 3. செர்வான்டிஸ் ஏப்ரல் 22-ல் இறந்தார், 23-ல் அடக்கம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் முடிவு. உலகப் புத்தக நாளுக்கு ஏப்ரல் 23 பொருத்தமான நாள்தான். 'ஒரே நாளில்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஜூலியன் தேதியோடு கூட்ட வேண்டியது 1700 பிப்ரவரி வரை 10 நாள், 1800 பிப்ரவரி வரை 11, 1900 பிப்ரவரி வரை 12, அதன் பிறகு 13. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி, 1917 அக்டோபர் 25: 13 கூட்டினால் நவம்பர் 7. அமெரிக்க முன்னாள் அதிபர்கள் ஜான் ஆடம்சும் ஜெஃபர்சனும் 1826 ஜூலை 4-ல் இறந்ததற்கு இந்தக் கணக்கே வேண்டாம். ஒரே நாடு, ஒரே நாட்காட்டி, தயங்காமல் எழுதலாம்.

கடிகாரமும் ஏமாற்றும். ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்தபோது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு; நமக்கு ஜூலை 21 காலை 8.26. 'அமெரிக்க நேரப்படி' என்று சேர்த்துவிட்டால் குழப்பமில்லை. இன்னும் சிக்கலானது பேர்ல் ஹார்பர். ஜப்பான் அதைத் தாக்கியது ஹவாயில் 1941 டிசம்பர் 7. மலாயாவின் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கியது டிசம்பர் 8. தேதியைப் பார்த்தால் மலாயா பிந்தியது போலத் தெரியும். உண்மையில் அதுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது. நடுவே, கடந்தால் தேதி மாறும் சர்வதேசத் தேதிக்கோடு கிடக்கிறது.

ராஜராஜசோழன் பிறந்தநாளை நிலையான ஆங்கிலத் தேதியில் போடாதீர்கள். தஞ்சையில் சதய விழா அவர் பிறந்த நட்சத்திரமான ஐப்பசிச் சதயத்தில்தான் நடக்கிறது. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் பார்த்துத் தேதியை மாற்றி எழுதுங்கள்.