குருத்துவ அழைப்பு இருக்கான்னு யோசிக்கிற தம்பிங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் 3 வருஷம் இதை யார்கிட்டயும் சொல்லாம மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு இருந்தேன். காலையில பூசையில முழங்கால் போட்டிருக்கும்போது நாம ஃபாதராகணும்னு தோணும், அதே நாள் சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்ற வழியில இதெல்லாம் நமக்கு ஒத்து வருமான்னு தோணும், மறுநாள் திரும்ப அதே கதை. வெளிய பாத்தா எல்லாரையும் போலத்தான் இருந்தேன், உள்ள ஒரே போராட்டம். அதனால முதல்ல சொல்ல வர்ற தவறு இதுதான்: தனியா, தலைக்குள்ளயே வச்சு முடிவு பண்ணப் பாக்காதீங்க.

பைபிள்ல 1 சாமுவேல் 3-ம் அதிகாரத்தைத் திரும்ப ஒரு தடவை நிதானமா படிங்க. ஆண்டவர் கூப்பிட்டது சாமுவேலைத்தான், ஆனா அது யார் குரல்னு அந்தப் பையனுக்குத் தெரியல, கோயில் குரு ஏலி கூப்பிடுறார்னு நெனச்சு எழுந்து ஓடுறான். ஏலியும் முதல்ல ரெண்டு தடவை போய்ப் படுன்னு அனுப்பிடுறார், மூணாவது தடவை வந்து நின்னப்போதான் அவருக்கே விஷயம் பிடிபடுது. அதனால ஒரு ஆன்ம வழிகாட்டியைப் பாத்து ஒரு தடவை பேசிட்டு "அவருக்கு ஒண்ணும் புரியல"ன்னு விட்டுடாதீங்க, மாசம் ஒரு தடவையாவது அதே ஃபாதர்கிட்ட போங்க. போனா முழுசா சொல்லுங்க. நான் ஆரம்பத்துல ஜெபம் பண்றது, பீடத்துல உதவுறதுன்னு நல்லதை மட்டும் சொன்னேன், செல்போன்ல ராத்திரி பாக்கக் கூடாததைப் பாக்குற பழக்கத்தை ஒளிச்சேன். அதைச் சொன்ன அன்னைக்குத்தான் உண்மையான பேச்சே ஆரம்பிச்சுது. ஒளிக்கிறது, ஃபாதராகப் படிக்கிற குருமடத்துக்குள்ள போனா தானா சரியாயிடும்னு தயவுசெஞ்சு நெனைக்காதீங்க, தனிமையும் அலுப்பும் வர்ற நேரத்துல அது இன்னும் பெருசாத்தான் வெளிய வரும்.

அடுத்தது அடையாளம் கேக்குறது. நான் ஒரு நவநாள் ஜெபம் ஆரம்பிச்சேன், இந்த 9 நாளுக்குள்ள யாராவது வந்து "நீ ஃபாதராகப் போறியா?"ன்னு கேட்டா அதுதான் கடவுளோட பதில்னு பேசி வச்சுக்கிட்டேன். 9-வது நாள் கோயில் வாசல்ல ஒரு பாட்டி என் கையைப் பிடிச்சு அதே கேள்வியைக் கேட்டாங்க, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ரெண்டு நாள் சந்தோஷமா இருந்தேன், மூணாவது நாள் "தற்செயலா கேட்டிருப்பாங்க"ன்னு தோணுச்சு, இன்னொரு நவநாள் ஆரம்பிச்சுட்டேன். நான் தேடுனது கடவுளோட விருப்பத்தை இல்ல, தப்பே ஆகாதுங்கிற கேரண்டியைன்னு அப்புறம்தான் புரிஞ்சுது, அந்த கேரண்டி கல்யாணம் பண்றவங்களுக்கும் கிடையாது.

அதுக்குப் பதிலா என்ன பண்ணலாம்னா, இயேசு சபையைத் தொடங்குன புனித இஞ்ஞாசியார் பண்ணுன மாதிரி பண்ணலாம். 1521-ல ஸ்பெயின்ல பம்ப்லோனா சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு கால் உடைஞ்சு மாசக்கணக்குல படுக்கையில கிடந்தார், வீரதீரம், அரண்மனைப் பெண்மணின்னு கனவு காணும்போதும் இனிச்சுது, புனிதர்கள் மாதிரி வாழணும்னு நெனைக்கும்போதும் இனிச்சுது, ஆனா முதல் கனவு கலைஞ்சதும் மனசு வறண்டு போச்சு, ரெண்டாவது கலைஞ்ச பிறகும் சந்தோஷம் தங்குச்சு. கவனிக்க வேண்டியது அந்த மிச்சம் நிக்குற உணர்வைத்தான். நான் ஒரு சின்ன நோட்டுல தூங்கப் போறதுக்கு முன்னாடி நாலு வரி எழுதிட்டு வர்றேன், ஒரு நாளைக்கு எழுதுனதைப் பாத்தா ஒண்ணுமே தெரியாது, 6 மாசத்தைச் சேத்துப் படிச்சா ஒரு கோடு தெரியுது. இஞ்ஞாசியார் சொன்ன இன்னொண்ணு, மனசு இருண்டு கிடக்கும்போது ஏற்கனவே எடுத்த முடிவை மாத்தாதே. இதை நான் மீறுன ஒவ்வொரு தடவையும் வருத்தப்பட்டிருக்கேன்.

காதல் தோல்வி, வேலை கிடைக்காதது, வீட்டுச் சண்டை, இதுல இருந்து தப்பிக்க குருமடம் போகாதீங்க. அதே சமயம், ஒரு பொண்ணைப் பிடிச்சுப் போச்சுங்கிறதாலயே அழைப்பு இல்லன்னு முடிவு பண்ணவும் வேண்டாம், கல்யாணத்துல ஆசையே இல்லாதவன் அதைக் காணிக்கையா கொடுக்க என்ன இருக்கு? ஆனா ஒண்ணு, பேசிப் பழகுற பொண்ணுகிட்ட இந்த யோசனை இருக்கிறதை மறைச்சு அவங்களைக் காத்திருக்க வைக்கிறது அநியாயம், அது அவங்க வாழ்க்கை.

படிப்பு வராதுன்னு பயப்படுறவங்களுக்கு, 1786-ல பிறந்த ஜான் மரிய வியான்னி லத்தீன்ல திணறித் திணறி 1815-ல குருப்பட்டம் வாங்குனார், இன்னைக்கு அவர்தான் பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலர். அதுக்காகப் படிக்காம இருக்கலாம்னு அர்த்தம் இல்ல, திருச்சபைச் சட்டப்படி மெய்யியல் 2 வருஷம், இறையியல் 4 வருஷம்னு குறைஞ்சது 6 வருஷப் படிப்பு இருக்கு.

இந்த 6 வருஷம்ங்கிறதுல இன்னொரு முக்கியமான விஷயமும் அடங்கியிருக்கு. குருமடத்துல சேருறது கடைசி முடிவுன்னு நெனச்சுத்தான் பல பேர் வருஷக்கணக்கா வாசல்லயே நிக்கிறாங்க. அது கடைசி முடிவு இல்ல, தேர்ந்து தெளியிறதுக்குன்னே இருக்கிற இடம் அது, நீங்க பாக்குற மாதிரி திருச்சபையும் உங்களைப் பாக்கும், கடைசியில பேர் சொல்லிக் கூப்பிடுறது ஆயர், அதாவது பிஷப்தான். நடுவுல வெளிய வந்தா தோத்துட்டான்னு பேசுறவங்க பேசட்டும். புனித சிறுமலர் தெரேசாவோட அப்பா லூயிஸ் மார்ட்டின் மடத்துல சேரப் போனார், லத்தீன் தெரியலன்னு சேத்துக்கல, கல்யாணம் பண்ணி குடும்பமா வாழ்ந்தார், 2015-ல மனைவி செலியோட சேத்து அவரைப் புனிதராக்குனாங்க. வீட்டுல 'போ'ன்னோ 'போகாதே'ன்னோ நெருக்குனாலும் அதுக்காக முடிவு பண்ணாதீங்க, ஒருத்தனைக் கட்டாயப்படுத்திப் பட்டம் வாங்க வைக்கிறதும், தகுதி இருக்கிறவனைத் தடுக்கிறதும் ரெண்டையுமே திருச்சபைச் சட்டம் தடை பண்ணுது.

அப்புறம் அழைத்தல் பத்தி வீடியோவா பாத்துட்டே இருக்கிறது ஜெபம் ஆகாது. 1 மணி நேரம் வீடியோ பாத்த நாள்ல 10 நிமிஷம்கூட நற்கருணை முன்னாடி உட்காராம இருந்திருக்கேன். இப்பவே பாதி குருமடவாசி மாதிரி மாறி நண்பர்களை வெட்டி விடுறது, வேலையில அக்கறை இல்லாம இருக்கிறது, அதுவும் வேண்டாம், இன்னைக்கு வீட்டுல உடம்பு முடியாம இருக்கிறவங்களைப் பொறுமையா பாத்துக்க முடியலன்னா நாளைக்கு ஒரு பங்கையே எப்படிப் பாத்துப்போம்?

மறைமாவட்டத்துலயும் சபைகள்லயும் அழைத்தலுக்குன்னு பொறுப்பா ஒரு ஃபாதர் இருப்பார். "ஃபாதர், எனக்கு குருத்துவம் பத்தி ஒரு யோசனை இருக்கு, உங்ககிட்ட பேசணும்", இவ்வளவு போதும். இந்த ஒரு வரியை நான் டைப் பண்ணி அழிச்சு, டைப் பண்ணி அழிச்சு 11 நாள் கழிச்சுத்தான் அனுப்புனேன். 10 நிமிஷத்துல பதில் வந்துச்சு: "சனிக்கிழமை வாப்பா, பேசலாம்."