இழுவைத் திறனுக்கு முன் கதவு ஸ்டிக்கரைப் பாருங்கள்

டிரெய்லர் இழுக்க பிக்கப் டிரக் வாங்குபவர்கள், விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் இழுவைத் திறனை நம்பி முடிவெடுக்காமல், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று சொல்லும் ஸ்டிக்கரை முதலில் படிக்க வேண்டும். டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம், டிரெய்லரை டிரக்கோடு இணைக்கும் ஹிட்ச் வழியாக டிரக்கின் மீதே இறங்குவதால், அதுவும் இந்த வரம்புக்குள்தான் அடங்க வேண்டும். சாமான் ஏற்றிய 7,000 பவுண்டு டிரெய்லர் 1,050 பவுண்டு வரை அழுத்தும். ஸ்டிக்கரில் 1,500 என்றிருந்தால், ஓட்டுநர் உட்பட குடும்பம் முழுவதற்கும் மிஞ்சுவது 450தான், ஹிட்ச்சின் எடையையும் அதிலேயே கழிக்க வேண்டும். டிரக்கின் தளத்தில் பூட்டும் ஐந்தாம் சக்கர டிரெய்லர்களுக்கு இந்தச் சதவீதம் பொருந்தாது. அவற்றுக்கு 15 முதல் 25 வரை கணக்கிடுவது வழக்கம்.