ஒன்ராறியோவில் பிக்கரல் பிடிக்கப் போகிறவர்களுக்கு

ஊர்க் கடற்கரையில் தூண்டில் போட நாங்கள் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இங்கே 18 முதல் 64 வயதுவரை பொதுவாக அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் மாகாணம் தரும் அட்டை) மீன்பிடி லைசன்ஸும் வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம். முதலில் பழகிப் பார்க்க நினைத்தால் அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகளில் கனடாவில் வசிப்பவர்கள் லைசன்ஸ் இல்லாமல் பிடிக்கலாம். அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அளவு, எண்ணிக்கை விதிகள் அன்றைக்கும் உண்டு.

வால்ஐ (walleye) என்பதும் பிக்கரல் என்பதும் ஒரே மீன்தான். வாலின் கீழ்நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும்.

பனி உருகியதும் இவை முட்டையிட ஆற்றுக் கற்படுகைகளுக்குக் கூட்டமாக வரும். கரையில் நின்றே பார்க்கலாம், கை துறுதுறுக்கும். தயவுசெய்து தொடாதீர்கள். தென் ஒன்ராறியோவின் பல இடங்களில் மே மாதத்தில்தான் இதைப் பிடிக்கும் பருவம் திறக்கும். மாகாணத்தில் 20 மீன்பிடி மண்டலங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் விதி வேறு. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய ஸ்கூகொக் ஏரியில், மீன் அருகிப்போனதால் 2016இல் பிக்கரல் பிடிப்பதையே மூடினார்கள். புறப்படும் முன் மாகாணத்தின் அந்த ஆண்டு மீன்பிடி விதிக் கையேட்டைப் பாருங்கள்.

என் முதல் கோடையில் உச்சி வெயிலில் நாள் முழுக்க நின்றேன், ஒன்றும் கடிக்கவில்லை. பிறகுதான் காரணம் தெரிந்தது. இதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, மங்கல் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். அதனால் அது இரை தேடுவது விடியலிலும் பொழுது சாயும்போதும். மேகம் மூடி, தண்ணீர் லேசாக அலையடிக்கும் நாளும் நல்லது. ஈயத்தலை ஜிக்கில் (தலையில் ஈயக்குண்டு வைத்த தூண்டில் முள்) மண்புழுவையோ அட்டையையோ கோர்த்து, அடித்தரையைத் தட்டித் தட்டி மெதுவாக இழுங்கள். பிடித்ததும் செவுள் மூடிக்குள் விரலை விடாதீர்கள், வெட்டிவிடும்.

பெரிய மீன் பெரும்பாலும் முட்டை சுமக்கும் பெண். அதைத் தண்ணீரில் விடுவதே சரி என்பேன். பாதரசமும் பெரிய மீனில்தான் அதிகம். எந்த ஏரி மீனை, எந்த அளவில், மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாண அரசு பட்டியல் தருகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அதில் தனிக் கணக்கு.

நீள வரம்பு உள்ள இடத்தில் கரையிலேயே துண்டு போடாமல் முழுசாகக் கொண்டுவாருங்கள், அதிகாரி அளந்து பார்ப்பார். தெரிந்தவர்களுக்குக் கொடுக்கலாம், விற்கக்கூடாது.

சதை மென்மையானது, புளிக்குழம்பில் உடைந்துபோகும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டிப் பொரியுங்கள்.